எக்செல் சார்ட்டை வேர்டில் ஒட்ட எந்த வழி நல்லது?

எக்செல்லில் பார்த்துப் பார்த்துச் செய்த சார்ட், வேர்டில் ஒட்டியதும் நிறமும் எழுத்துருவும் மாறிப் போகிறதா? காரணம் தீம், அதாவது ஒரு கோப்புக்கு மொத்தமாக வகுத்திருக்கும் நிற, எழுத்துருத் தொகுப்பு. சார்ட்டின் பட்டைகள் "நீலம்" என்று அல்ல, "தீமின் முதல் நிறம்" என்றுதான் பதிவாகியிருக்கும். வெறும் கண்ட்ரோல் வி அழுத்தினால், வேர்டு தன் ஆவணத்தின் தீமிலிருந்து அந்த முதல் நிறத்தை எடுத்துப் பூசிவிடும். 'ஸ்டாண்டர்ட் கலர்ஸ்', 'மோர் கலர்ஸ்' பகுதிகளில் நீங்களே குறிப்பாகத் தேர்ந்தெடுத்த நிறங்கள் மட்டும் அப்படியே நிற்கும்.

வலது கிளிக் செய்தால் ஒட்டுவதற்கு ஐந்து வழிகள் வரும். ஆவணத்தின் தீமை ஏற்கும் இரண்டை விட்டுவிடுவோம். மீதி மூன்றில்தான் போட்டி: மூல வடிவமைப்போடு (எக்செல்லில் இருந்த தோற்றத்தோடு) எம்பெட், அதாவது உள்ளேயே பதிப்பது; மூல வடிவமைப்போடு லிங்க், அதாவது எக்செல் கோப்போடு தொடுப்பது; படம்.

எம்பெட் மேலோட்டமாகப் பார்த்தால் சௌகரியமானது. எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும், யார் வேண்டுமானாலும் திறந்து எண்களைத் திருத்தலாம். ஆனால் சார்ட்டோடு முழு ஒர்க்புக்கும் (எல்லா ஷீட்டுகளும் உள்ள எக்செல் கோப்பு) உள்ளே போய்விடுகிறது. முதல் ஷீட்டில் விற்பனைச் சார்ட், மூன்றாவது ஷீட்டில் ஊழியர் சம்பளம் என்றிருந்தால், 'எடிட் டேட்டா' அழுத்துகிறவர் சம்பளத்தையும் பார்க்கலாம். வெளியாருக்குப் போகும் ஆவணத்தில் இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்கள் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் லிங்க்தான் சரி. எக்செல்லில் மாற்றினால் வேர்டிலும் புதுப்பித்துக்கொள்ளலாம். எக்செல் கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலோ பெயர் மாற்றினாலோ தொடர்பு அறுந்துவிடும் என்பதுதான் தொல்லை. வேலை முடிந்ததும் ஃபைல், இன்ஃபோ, 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' போய் 'பிரேக் லிங்க்' கொடுத்துவிடுங்கள். எண்கள் உறைந்துவிடும், தோற்றம் மாறாது.

தோற்றம் துளியும் மாறக் கூடாது என்றால் படத்துக்கு ஈடு இல்லை. மற்ற இரண்டிலும் சார்ட்டின் அளவைக் குறைத்தால் எழுத்து சிறிதாகாது. அதற்குப் பதில் அச்சிலுள்ள பெயர்கள் சாய்ந்துகொள்ளும், சில காணாமலே போகும். படத்தில் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கும். அதனால் அளவை முன்பே எக்செல்லில் சரிசெய்வது முக்கியம். ஏ4 தாளில் இருபுறமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால் மிஞ்சும் அகலம் 15.92 செ.மீ. 24 செ.மீ. அகலச் சார்ட்டை அதற்குள் அடக்கினால் 9 பாயிண்ட் எழுத்து 6 பாயிண்டாகிவிடும், அச்சில் படிக்கக் கஷ்டம். அப்புறம், வேர்டு சேமிக்கும்போது படங்களைச் சுருக்கும் வழக்கம் உண்டு. ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் அதை நிறுத்தி வையுங்கள். புதிய எக்செல்லில் சார்ட்டை வலது கிளிக் செய்து எஸ்விஜி (புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகவே பதிவாகும் வகை) படமாகச் சேமித்து வேர்டில் செருகினால், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடுகள் கூர்மையாகவே இருக்கும்.

லிப்ரே ஆபீஸில் கால்க் (எக்செல் போன்றது) சார்ட்டை ரைட்டரில் (வேர்டு போன்றது) ஒட்டினால் அது தன் எண்களோடு தனியாக வந்து உட்காரும். தோற்றம் பெரும்பாலும் தப்பிக்கும், ஆனால் மூலக் கோப்பில் செய்யும் திருத்தம் இங்கே வராது. கூகுள் டாக்ஸ் ஒட்டும்போதே லிங்க் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும். வேண்டும் என்றால், ஷீட்டில் எண் மாறும்போது சார்ட்டின் மேல் 'அப்டேட்' பொத்தான் வரும். அதை அழுத்தினால்தான் புதிய எண்கள் வரும்.