தோட்டத்துப் பக்கம் ஸ்லைடிங் கதவா, ஃபோல்டிங் கதவா?

கூடத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்துவிட்டு அங்கே கண்ணாடிக் கதவு போடுவது என்று முடிவானதும், எந்த மாதிரிக் கதவு என்று வீட்டுக்குள் இரண்டு மாதம் சண்டை. எனக்கு ஃபோல்டிங் மேல் ஆசை, மற்ற எல்லோருக்கும் ஸ்லைடிங். கடைசியில் ஸ்லைடிங்தான் போட்டோம். நான்கு வருடம் ஆகிறது, இப்போது நானும் அந்தக் கட்சிதான்.

ஃபோல்டிங்கின் கவர்ச்சி தெரிந்ததுதான்: கதவுகள் மடிந்து ஓரமாக நின்றுவிட்டால் வாசல் கிட்டத்தட்ட முழுசாகத் திறந்துவிடும். ஸ்லைடிங்கில் இரண்டு கதவு என்றால் பாதி, மூன்று கதவு மூன்று டிராக் (கதவு ஓடுகிற பள்ளம்) என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அவ்வளவுதான். ஆனால் முழுசாகத் திறந்து வைக்கிற நேரம் எவ்வளவு? மழை, வெயில், கொசு, தூசி, ராத்திரி எல்லாவற்றையும் கழித்தால் பெரும்பாலும் சாத்தித்தான் கிடக்கிறது. சாத்தியிருக்கும்போது 4 மீட்டர் அகலத்தில் ஃபோல்டிங் என்றால் நாலைந்து கதவு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் சட்டம். எங்களுடையதில் இரண்டே கதவு, நடுவில் ஒரே கோடு, மிச்சமெல்லாம் தோட்டம்.

சரி, என்னைக் கட்சி மாற வைத்தது கீழே ஓடுகிற டிராக். ஸ்லைடிங்கில் அது தொல்லைதான், ஆனால் நாமே சமாளித்துவிடலாம். தோட்டத்திலிருந்து வருகிற மண், சருகு, வீட்டுக்குள்ளிருந்து வருகிற முடி, எல்லாம் சேருவது அந்தப் பள்ளத்தில்தான். கண்ணாடி 1 மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ எடை. எங்களுடையது 6 மி.மீ. கண்ணாடி இரண்டு சேர்ந்தது, ஒரு கதவு சுமார் 4 சதுர மீட்டர், ஆக கண்ணாடி மட்டுமே சுமார் 120 கிலோ. அத்தனையும் சின்ன ரோலர்கள் மேல் உட்கார்ந்து மணலை நசுக்கிக்கொண்டே நகர்ந்தால் ரோலர் என்ன ஆகும்? முதல் வருடம் நான் கண்டுகொள்ளவே இல்லை. கதவைத் தள்ள இரண்டு கை வேண்டியதானது, அப்புறம் ஒரு பெருமழையில் டிராக்கில் தண்ணீர் வெளியேறுகிற துளைகள் அடைத்துக்கொண்டு கூடத்துக்குள் தண்ணீர். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை வேக்குவம், மூலைக்குப் பழைய டூத்பிரஷ், துளைகளில் ஒரு குச்சி. கிரீஸ் மட்டும் வைக்காதீர்கள், தூசியைப் பிடித்துப் பசையாக்கிவிடும். சிலிகான் ஸ்பிரே போதும். கதவு கொஞ்சம் இறங்கினால் ரோலர் உயரத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். பத்து நிமிட வேலை.

ஃபோல்டிங்கிலும் டிராக் உண்டு, கூடவே ஒவ்வொரு மடிப்புக்கும் கீல்கள். ஒரு கதவு இறங்கினால் அதன் இழுப்பு அடுத்ததற்குப் போய், கடைசியில் தாழ்ப்பாள் துளையில் பொருந்தாது. எடையை மேலே தொங்கவிடுகிற வகையில் கீழ் டிராக்குக்குப் பாரம் இல்லைதான், ஆனால் பாரமெல்லாம் மேலே பீமுக்குப் போகிறது. அது சில மி.மீ. தொய்ந்தாலும் கதவு உரசும். உறவினர் வீட்டில் அந்த வகைக் கதவோடு மூன்று வாரம் இருந்தேன், முழங்காலால் ஒரு தூக்குத் தூக்கினால்தான் பூட்டும். மாட்டியவர் செய்த கோளாறாகவும் இருக்கலாம், மூன்று வாரத்தை வைத்து அந்த வகையையே குறை சொல்ல மாட்டேன். கொசுவலை விஷயத்தில் சந்தேகமே இல்லை: ஸ்லைடிங்குக்கு இன்னொரு வலைக்கதவு ஓடவிட்டால் முடிந்தது, ஃபோல்டிங்குக்குச் சுருள் வலையோ மடிப்பு வலையோ தேட வேண்டும்.

வாசலே 2 மீட்டர்தான் என்றால் கதை வேறு. ஸ்லைடிங்கில் 1 மீட்டர்கூட முழுசாக மிஞ்சாது, ஒரு மேசையை வெளியே தூக்கிப்போகவே திண்டாட்டம். அங்கே நானும் ஃபோல்டிங்தான் போடுவேன்.

எதைப் போட்டாலும் உள்ளே வெளியே ஒரே மட்டமாக வேண்டும் என்றால் தரை போடுவதற்கு முன்பே டிராக்கைப் புதைக்க இடம் விட்டு, வெளித்தரைக்குத் தண்ணீர் கதவிலிருந்து விலகி ஓடும்படி வாட்டம், அதாவது சரிவு, கொடுத்து (80-க்கு 1 என்ற கணக்கில் கொடுத்தோம்), கதவை ஒட்டி மூடி போட்ட வடிகாலும் வைத்துவிட வேண்டும். எங்களுக்கு வாட்டமும் வடிகாலும் ஞாபகம் வந்தது, டிராக்கைப் புதைக்க வேண்டும் என்பது தரை போட்ட பிறகுதான் உறைத்தது. அதனால் 4 செ.மீ. மேடு ஒன்று அப்படியே நிற்கிறது, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் முறை கால்விரலை இடித்துக்கொள்வது அதில்தான்.