பழைய டிஜிட்டல் கேமரா வாங்கப் போறவங்க கவனத்துக்கு: கடைக்காரர் மெமரி கார்டுல இருக்கற போட்டோவ நம்பாதீங்க

சேலத்துல செகண்ட் ஹேண்ட் டிஜிகேம் தேடிட்டு இருக்கறவங்க யாரா இருந்தாலும் இத ஒரு தடவ முழுசா படிச்சிட்டுக் கடைக்குப் போங்க. போன மாசம் 4,500 ரூபா குடுத்து ஏமாந்துட்டு வந்திருக்கேன், காசு போனதக்கூட விட்டுடலாங்க, எங்க அம்மாயியோட (அம்மாவோட அம்மா) போட்டோ போச்சு, அதத்தான் என்னால தாங்கவே முடியல.

எங்க வீடு கன்னங்குறிச்சி, மொட்ட மாடிக்குப் போனா ஏற்காடு மலை கண்ணு முன்னாடி நிக்கும். அம்மாயிக்கு 78 வயசாகுது, தெனமும் அந்த மலையப் பாத்துக்கிட்டேதான் துணி காயப்போடும், ஆனா அந்த மலை மேல இருக்கற சேர்வராயன் கோயிலுக்கு ஒரு தடவகூடப் போனதில்ல. இந்த வருசம் எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிடணும்னு முடிவு பண்ணோம். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப அப்பா கேனன் இக்ஸஸ் 70 வச்சிருந்தாரு, 2007ல வந்த மாடல், 7.1 மெகாபிக்சல், என்னோட பழைய போட்டோ எல்லாமே அதுல எடுத்ததுதான், அதே மாடல்ல அம்மாயியயும் எடுக்கணும்னு எனக்கு ஆச. சிசிடி சென்சார்னா (பழைய கேமராவுல படத்தப் பதியற சில்லு) கலர் அள்ளும்னு ரீல்ஸ்ல சொல்றாங்களே அதுக்காக இல்ல. பகல் வெளிச்சத்துல நல்லாவே வரும், வீட்டுக்குள்ள ஐஎஸ்ஓ (வெளிச்சத்த உணர்ற அளவு) 400 தாண்டுச்சுன்னா பொரிப்பொரியா ஆயிடும், அவ்வளவுதான் விஷயம்.

டவுன்ல ஒரு சந்துக்குள்ள இருக்கற கடையில சில்வர் கலர்ல அதே மாடல் இருந்துச்சு. நான் உஷாரா என் 64 ஜிபி கார்டு கையில கொண்டு போயிருந்தேன், உள்ள போட்டா கேமரா அத ஏத்துக்கல. கடைக்காரரு, "இதெல்லாம் பழைய மாடலுங்க தங்கச்சி, உங்க கார்டு இதுல ஓடாது, என் கார்டுலயே பாருங்க"ன்னு 4 ஜிபி கார்டு ஒண்ணப் போட்டுக் காட்டுனாரு. அவரு சொன்னது பொய் இல்ல, என்னோட 64 ஜிபி கார்டு எஸ்டிஎக்ஸ்சிங்கற வகை, அந்த ஸ்டாண்டர்டே 2009லதான் வந்துச்சு, 2007 கேமராவுக்கு 32 ஜிபி வரைக்கும் இருக்கற எஸ்டிஹெச்சி வகைதான் சரிப்படும். ஆனா அந்த உண்மையச் சொல்லித்தான் என் கார்டுல டெஸ்ட் பண்ண விடாம செஞ்சாரு, அங்கதான் நான் கோட்ட விட்டேன். அவரு கார்டுல ரோசாப்பூ, கோயில் கோபுரம், ஒரு கொழந்தன்னு 20, 25 போட்டோ இருந்துச்சு, எல்லாம் அவ்வளவு சுத்தம். என்னையும் ரெண்டு எடுக்க விட்டாரு, கடைக்குள்ளயே, ஃபிளாஷ் போட்டு, ஜூம் பண்ணாம. சின்ன ஸ்கிரீன்ல பாத்தா எல்லாம் நல்லாத்தாங்க தெரியும். கார்டையும் ஃப்ரீயா வச்சுக்கோங்கன்னு குடுத்துட்டாரு. பில்லுன்னு கேட்டா துண்டுச் சீட்டுல "கேமரா 1, 4500"னு எழுதிக் குடுத்தாரு, சீரியல் நம்பர் இல்ல, நானும் கேக்கல.

ஞாயித்துக்கிழம காலையில கெளம்பறதுக்கு முன்னாடி மாடியில நின்னு மலைய முழு ஜூம்ல ஒண்ணு எடுத்தேன். அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேல போனோம். அம்மாயி வளைவு வளைவா எண்ணிக்கிட்டே வந்துச்சு. கோயில்கிட்ட பனி எறங்கிக் கெடந்துச்சு, அம்மாயி முந்தானைய தலையில போட்டுக்கிட்டு குனிஞ்சு குகைக்குள்ள போயிட்டு வெளிய வந்து கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே நின்னுச்சு, மூஞ்சி அப்படியே மலந்துபோய் இருந்துச்சு, அத ஜூம் பண்ணி ஏழெட்டு எடுத்தேன். நம்ம கேமராலயே எடுத்துக்கலாம்னு போன வெளியவே எடுக்கல. பகோடா பாயிண்ட்ங்கற வியூ பாயிண்ட்ல போய் ஆன் பண்ணுனா லென்ஸ் பாதி வெளிய வந்து "கிர்ர்ர்"னு பல்சக்கரம் நழுவற மாதிரி ஒரு சத்தம், ஸ்கிரீன்ல லென்ஸ் எரர், அதோட அது உள்ளயும் போகல, வெளியயும் வரல.

ராத்திரி கார்ட லேப்டாப்புல போட்டுப் பாத்தப்பதான் எல்லாம் புரிஞ்சுச்சு. ஜூம் பண்ணி எடுத்த அத்தன போட்டோலயும் ஒரே எடத்துல சாம்பக் கலர்ல நாலு திட்டு. ஒண்ணு அம்மாயி கன்னத்துமேல, ஒண்ணு நெத்தியில விபூதி பக்கத்துல. உள்ள சென்சார் பக்கம் தூசி ஏறியிருக்கு. இந்த லென்ஸ் ஜூம் இல்லாம எஃப் 2.8, முழு ஜூம்ல எஃப் 4.9 ஆயிடும், இந்த எஃப் நம்பர் கூடக்கூட சென்சார்ல விழற வெளிச்சம் ஒடுக்கமாகித் தூசி திட்டுத் திட்டா தெரிய ஆரம்பிக்கும், கடையில ஜூம் தொட விடாததுக்குக் காரணம் இதுதான். கேமராவத் திருப்பிப் பாத்தா கீழ இருக்கற ரெண்டு ஸ்க்ரூ தலையும் கிழிஞ்சு பளபளன்னு இருக்கு, யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. பேட்டரி வேற லேசா உப்பி, வெளிய எடுக்கவே நகத்தால நெம்ப வேண்டியிருந்துச்சு.

அவரு கார்டுல இருந்த சுத்தமான போட்டோக்களோட ப்ராப்பர்ட்டீஸத் தொறந்து பாத்தேன். அளவு 3648க்கு 2736. அது 10 மெகாபிக்சல். இக்ஸஸ் 70ல எடுக்கக்கூடிய பெரிய போட்டோவே 3072க்கு 2304தான், மாடல் பேர் இருக்கற எடத்துலயும் வேற கேமரா பேருதான் இருந்துச்சு. ஆக, வேற கேமராவுல எடுத்த போட்டோவ இதுல போட்டுக் காட்டி வித்திருக்காரு.

மறுநாள் கொண்டு போனேன். "பனியில எடுத்தீங்களா, அப்ப ஈரம் உள்ள போயிருக்கும், நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க"ன்னுட்டாரு. காலையில 6 மணிக்கு எங்க மாடியில எடுத்த மலை போட்டோலயே அதே நாலு திட்டு அதே எடத்துல இருக்கு, நேரமும் பதிவாகியிருக்குன்னு காட்டுனேன், அப்புறம் அவரு என் மூஞ்சியக்கூடப் பாக்கல, அடுத்த கஸ்டமரக் கூப்பிட்டுட்டாரு.

வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு 2 ஜிபி கார்டு ஒண்ணு சொந்தமா எடுத்துட்டுப் போங்க, கொஞ்சம் பழைய கேமராவுக்கும் அது ஒத்துக்கும். ஆன் ஆஃப் பத்து தடவ பண்ணுங்க, ஜூம முழுசா விட்டு, கடைக்கு வெளிய வந்து வெள்ளச் செவுத்தையோ வானத்தையோ எடுங்க, அந்தப் போட்டோவ லேப்டாப்புல பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும். லைட்டக் காட்டுனா ஸ்கிரீன்ல நெட்டா ஒரு ஊதாக் கோடு வந்தா பயப்படாதீங்க, சிசிடிக்கு அது சகஜம், எடுத்த போட்டோல பெரும்பாலும் இருக்காது. கேமராவுக்கு அடியில இருக்கற சீரியல் நம்பர பில்லுல எழுதி வாங்குங்க.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டு புகார் பதிஞ்சிட்டேன். சரி வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதா இருக்கேன், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது. துண்டுச் சீட்டு, அந்த 4 ஜிபி கார்டு, கிழிஞ்ச ஸ்க்ரூவோட போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கு. இதே மாதிரி டவுன்ல சில்வர் இக்ஸஸ் வாங்குனவங்க யாராச்சும் இருந்தா உங்க கார்டுல இருக்கற பழைய போட்டோவோட அளவ ஒரு தடவ தொறந்து பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க.