ஏற்காட்டில் இரண்டு நாள் ரக்பி விதிப் பயிற்சி: என் மதிப்பீடு

சேலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்துவரும் நான், ரக்பி விதிகளையும் முறையாகக் கற்றுக்கொள்ள விரும்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏற்காட்டில் நடந்த இரண்டு நாள் வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் நாள் முழுவதையும், பந்தோடு ஓடுபவரைப் பிடித்துச் சாய்க்கும் டேக்கிளுக்கே ஒதுக்கியது மிகச் சரியான முடிவு. ரெய்டரின் காலைப் பிடித்தால் அவர் மூச்சு விடும்வரை விடக்கூடாது என்றே கபடியில் நம் கை பழகியிருக்கிறது. ரக்பியிலோ, பந்தோடு வருபவரைப் பிடித்துத் தரையில் சாய்த்த உடனே பிடித்தவர் கையை எடுத்துவிட்டு விலக வேண்டும்; விழுந்தவரும் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் பந்து அங்கேயே சிக்கி ஆட்டம் நின்றுவிடும். பிடிக்குள் இருப்பவரின் ஒரு முழங்கால் தரையில் பட்டாலே டேக்கிள் நடந்ததாகக் கொள்வார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. பயிற்சியாளர் பக்கத்திலேயே மண்டியிட்டு அமர்ந்து, முழங்கால் பாயைத் தொட்ட நொடியில் என் மணிக்கட்டைத் தட்டி, "இப்ப விடுங்கண்ணா" என்று சொல்லச் சொல்லத்தான் கை பழகியது. தோளுக்கு மேலே பிடித்தால் பெனால்டி என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார்.

தரையில் கிடக்கும் பந்துக்கு மேலே இரு அணியிலும் ஒருவராவது நின்றபடி முட்டிக்கொண்டால் அது ரக். ரக் உருவான பின், அதற்கு முன்பே பந்தில் கை வைத்தவரைத் தவிர வேறு யாரும் கையால் அதைத் தொடக்கூடாது. ரக்கில் சேராதவர்கள் தாண்டி முன்னே வரக்கூடாத ஆஃப்சைடு கோட்டைக் காட்ட, ரக்கில் கடைசியாக நின்றவரின் குதிகாலை ஒட்டித் தேங்காய்நார்க் கயிறு ஒன்றைப் போட்டார்கள். அந்தக் கடைசிக் கால் நகர நகரக் கயிறும் நகர்ந்ததைக் கண்ட பிறகு எனக்கு ஐயமே எழவில்லை.

குறை, மோல் என்ற அடுத்த பாடத்தில்தான். இரண்டாம் நாள் பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டதால், அதை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பந்து கையில் இருக்க, பந்துக்காரர், அவர் அணியில் ஒருவர், எதிரணியில் ஒருவர் என்று குறைந்தது மூவர் நின்றபடி பிணைந்தால் மோல். நகராமல் நின்று பந்து வெளிவராவிட்டால், தொடக்கத்தில் பந்து இல்லாதிருந்த அணிக்கு ஸ்க்ரம் கிடைக்கும்; அதாவது, இரு அணியினரும் பிணைந்து தள்ளி ஆட்டத்தை மீண்டும் தொடங்கும்போது பந்தை உள்ளே போடும் வாய்ப்பு. இவ்வளவுதான் சொன்னார்கள். மோலை வேண்டுமென்றே சரித்தால் அடியில் சிக்குபவரின் கழுத்துக்கே ஆபத்து என்பதால், பிள்ளைகளுக்குக் கற்பிக்க இருப்பவருக்கு மோலை முழுமையாகச் செய்துகாட்டியிருக்க வேண்டும்.

குறிப்பேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததும் எனக்கு வருத்தம். டேக்கிளும் ரக்கும் புரிய வேண்டும் என்பவர்கள் தாராளமாகச் சேரலாம். அடுத்த வகுப்பில் மோலைப் பனி இறங்குவதற்கு முன், காலையிலேயே வைக்கும்படி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படி வைத்தால் மீண்டும் பணம் கட்டி வருவேன்.