முகவரியோடு மாறும் விற்பனை வரி: நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் என் அனுபவம்

2015 முதல் 2019 வரை நியூ ஜெர்சியின் எடிசனில் இருந்தேன். அதன்பின் கலிபோர்னியாவின் சான் ஹோசேக்கு வந்தேன். அமெரிக்கக் கடைகளில் ஒட்டியிருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது என்பது வந்த வாரமே பழகிவிட்டது. அந்த வரி எவ்வளவு என்பதை மாநிலம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்று புரியத்தான் எனக்கு ஆண்டுகள் ஆயின.

எடிசனில் அதை யோசிக்கவே தேவை இருக்கவில்லை. நியூ ஜெர்சியில் நகரங்கள் தம் பங்குக்குப் பொது விற்பனை வரி போடுவதில்லை. நான் போனபோது 7 சதவீதம், 2017இல் 6.875, 2018 முதல் 6.625. அரிசி, பருப்புக்கு வரி கிடையாது. அன்றாட உடைகளுக்கும் கிடையாது என்பதால், தீபாவளிக்குக் குழந்தைகளுக்கு எடுத்த சட்டைகளுக்கு ஒட்டியிருந்த விலையையே கொடுத்துவிட்டு வந்தோம்.

கலிபோர்னியாவில் உடைக்கும் வரி உண்டு. மாநிலத்தின் 6 சதவீதத்தோடு, எல்லா ஊருக்கும் பொதுவான உள்ளூர்ப் பங்கு 1.25 சேர்ந்து, குறைந்தபட்ச விகிதமே 7.25 ஆகிறது. அதற்கு மேல் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), போக்குவரத்து அமைப்பு, நகரம் எனத் தனித்தனியே வாக்கெடுப்பில் நிறைவேற்றிய வரிகள் ஏறுகின்றன. கால்ட்ரெயின் ரயிலுக்காக 2020 நவம்பரில் மூன்று கவுன்ட்டி மக்கள் ஒப்புக்கொண்ட 0.125 சதவீதம், 2021 ஜூலை முதல் எங்கள் ரசீதுகளில் சேர்ந்தது. நான் ஏறும் ரயில் அது என்பதால் அதை மனமுவந்தே கொடுக்கிறேன். ஆனால் ரசீதில் எல்லாம் ஒரே தொகையாக அச்சாவதால், எந்தப் பங்கு எங்கே போகிறது என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. இந்த முறையின் பெரிய குறையாக நான் கருதுவது அதைத்தான்.

2022இல் ஃப்ரீமான்ட்டில் 28,000 டாலருக்குக் கார் வாங்கியபோதுதான் முழுக் கணக்கும் விளங்கியது. டீலர் முதலில் நீட்டிய தாளில், அந்த ஊரின் 10.25 சதவீதப்படி 2,870 டாலர் வரி போட்டிருந்தார்கள். காருக்கான வரி, வாங்கும் ஊரைப் பொறுத்ததல்ல, பதிவு செய்யும் முகவரியைப் பொறுத்தது என்று சொன்னதும், சான் ஹோசேயின் 9.375 சதவீதத்துக்கு மாற்றி 2,625 என்று எழுதினார்கள். அதுவும் சரியில்லை. எங்கள் தெருவுக்குத் தபால் முகவரிதான் சான் ஹோசே. அது நகர எல்லைக்கு வெளியே, கவுன்ட்டியின் நேரடி நிர்வாகத்தில் இருக்கும் பகுதி. ஆகவே நகரத்தின் கால் சதவீத வரி எங்களுக்கு இல்லை. மாநில வரித்துறையின் இணையதளத்தில் கதவு எண், தெருவோடு முகவரியைத் தட்டிக் காட்டினேன், 9.125 என்று வந்தது. மூன்றாம் தாளில் வரி 2,555 டாலர். முதல் தாளைவிட 315 குறைவு. விற்பனையாளர் வேண்டுமென்று செய்யவில்லை என்றே நினைக்கிறேன். அஞ்சல் குறியீட்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இப்படித்தான் ஆகும், ஏனெனில் அஞ்சல் எல்லையும் நகர எல்லையும் ஒன்றல்ல.

இணையக் கடைகளிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத விற்பனையாளரிடமும் அந்த மாநிலம் வரி வசூலிக்கச் சொல்லலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தபின், ஆயிரக்கணக்கான உள்ளூர் விகிதங்களை அவர்கள் சரியாகப் பொருத்த வேண்டியிருக்கிறது. பெரிய தொகைக்கு எதை வாங்கினாலும், பணம் செலுத்தும் முன் வரித் தொகையைப் பொருளின் விலையால் வகுத்து, எங்கள் முகவரிக்கு உரிய விகிதம்தானா என்று பார்த்துக்கொள்கிறேன்.