புது வண்டிக்கு எது காவல்: பூட்டு, கவர், காப்பீடு பற்றி ஓர் ஒப்பீடு

வண்டியைத் திருடனிடமிருந்து காக்கும் வழியும் மழையிலிருந்து காக்கும் வழியும் சில இடங்களில் ஒன்றுக்கொன்று முரண்படும் என்பதை, புது மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகே உணர்கிறார்கள். சென்னையில் சொந்த ஷெட் இல்லாமல், அடுக்ககத்தின் கீழ்த்தளத்திலோ வீட்டு வாசலிலோ வண்டி நிறுத்துபவரை மனத்தில் வைத்தே இந்த அலசல் எழுதப்படுகிறது.

முதலில் பூட்டுகளைப் பார்ப்போம். வண்டியோடு வரும் சைடு லாக், சாவியை மறந்துவிடாத பழக்கத்தை வளர்க்கும் என்பதைத் தவிர, பெரிய தடையன்று. அடுத்த நிலையில் இருப்பவை டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகட்டில் மாட்டும் டிஸ்க் லாக்கும் செயின் பூட்டும். டிஸ்க் லாக் சிறியது, பையில் அடங்குவது, பூட்ட அரை நிமிடம்கூட ஆகாதது. ஆனால் டிரம் பிரேக் மட்டுமே உள்ள வண்டிகளுக்கு அது பயன்படாது. மேலும் அது சக்கரத்தை உருளவிடாமல் தடுக்குமே தவிர, இரண்டு பேர் வண்டியைத் தூக்கிக் குட்டியானையில் ஏற்றுவதைத் தடுக்காது. பூட்டியிருப்பதை மறந்து வண்டியை நகர்த்தினால் சேதம் உரிமையாளருக்கே என்பதால், கைப்பிடியிலிருந்து பூட்டுவரை கட்டும் நினைவூட்டுக் கம்பியையும் சேர்த்து வாங்க வேண்டும். அலாரம் உள்ள வகையை நான் பரிந்துரைப்பதில்லை. இரவில் தெருநாய் உரசினாலும் அது அலறும். நான்காம் நாள் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பதைக் கண்டு அது அலமாரிக்குப் போய்விடும்.

செயின் பூட்டின் மதிப்பு, அது எதனோடு பிணைக்கப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. பின்சக்கரத்தையும் சட்டகத்தையும் சேர்த்து, அசையாத ஒரு தூணோடோ தரையில் பதித்த இரும்பு வளையத்தோடோ பிணைத்தால், தூக்கிச் செல்லும் வழி அடைபடுகிறது. முன்சக்கரத்தோடு மட்டும் பிணைத்தால், சக்கரத்தைக் கழற்றி விட்டுவிட்டு மீதியை எடுத்துப் போக முடியும். கடைகளில் தொங்கும், பிளாஸ்டிக் உறை போர்த்திய மெல்லிய கேபிள் பூட்டு ஹெல்மெட்டுக்குப் போதும், வண்டிக்குப் போதாது. பருமனான செயின் எடை மிக்கது என்பது உண்மையே. அதை வீட்டு வாசலிலேயே விட்டு வைத்து, வெளியே போகும்போது டிஸ்க் லாக்கை மட்டும் எடுத்துச் செல்வதே நடைமுறைக்கு உகந்தது.

ஜிபிஎஸ் கருவி திருட்டைத் தடுப்பதில்லை, திருடப்பட்ட பிறகு தேட உதவுகிறது. புது வண்டியின் வயரிங்கை வெட்டி அதை இணைத்தால், மின்பகுதிக்கான உத்தரவாதத்தில் சிக்கல் எழக்கூடும் என்பதை வாங்குமுன் சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி கவர். இங்குதான் பணம் வீணாவதோடு கேடும் விளைகிறது. வெயிலுக்குக் கவர் மிக நல்லது: டேங்கின் நிறம் மங்குவதையும் சீட்டின் ரெக்சின் வெடிப்பதையும் அது தள்ளிப்போடும். மழைக்காலத்தில் நிலைமை வேறு. நீர் சற்றும் புகாத மலிவான கவர், உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளியேற விடாது. நனைந்த வண்டியின்மேல் அதைப் போர்த்தினால் போல்ட்டுகளிலும் சைலன்சரிலும் செயினிலும் துரு விரைந்து பிடிக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர்போல் கடலை ஒட்டிய பகுதிகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் இது இன்னும் கூடுதல். காற்றில் படபடக்கும் தளர்வான கவர், அடியில் படிந்த தூசியை உப்புத்தாள்போலத் தேய்த்து பெயின்ட்டில் கீறல் போடும். அலுவலகத்திலிருந்து வந்த வேகத்தில் கவரைப் போர்த்தி, சூடான சைலன்சரில் அது உருகி ஒட்டிக்கொள்ள, அந்தக் கறையைச் சுரண்டியே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்த அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே காற்றுத் துளைகளும் அடியில் கட்டும் பட்டையும் உள்ள கவரை, வண்டி ஆறி உலர்ந்த பிறகு மட்டுமே போர்த்த வேண்டும். தலைக்குமேல் ஒரு தகரக் கூரை கிடைக்குமானால், மழைக்காலத்தில் கவரே வேண்டாம் என்பேன். மழையில் ஓட்டிய பிறகு நல்ல நீரில் கழுவித் துடைத்து, வண்டிச் செயினுக்கு லூப் (மசகெண்ணெய்) அடிப்பது அதைவிடப் பலன் தரும்.

முரண்பாடு வெள்ளத்தின்போது வெளிப்படுகிறது. திருட்டுக்கு மிகப் பாதுகாப்பான இடம் அடுக்ககத்தின் கீழ்த்தளம். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் முதலில் நீர் புகுவதும் அங்கேதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தந்த அனுபவத்தால், 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். தூணோடு பிணைத்த வண்டியின் சாவி வெளியூர் போனவரின் பையில் இருந்தால், அதைக் காப்பாற்ற யாராலும் முடியாது. மழைக்காலத்தில் ஊருக்குப் போகிறவர் பூட்டுச் சாவியை நம்பகமான அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்வதே சரி. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளையக்கூடும்.

பூட்டும் கவரும் தோற்ற பிறகு மிஞ்சுவது காப்பீடு. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு (நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது) கட்டாயம்; ஆனால் அது திருட்டுக்கும் வெள்ளத்துக்கும் ஒரு ரூபாயும் தராது. அவ்விரண்டுக்கும் ஈடு தருவது சொந்தச் சேதக் காப்பீடு. அது பெரும்பாலும் ஓராண்டுக்கே எடுக்கப்படுவதால், ஐந்தாண்டுத் தாள் கையில் இருக்கும் தெம்பில் இரண்டாம் ஆண்டு பலர் அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். தனியாகவே அதை வாங்கும் வசதி 2019 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. ஈட்டுத்தொகைக்கான வண்டி மதிப்பு, முதல் ஆறு மாதத்தில் 5 விழுக்காடும் ஓராண்டு நிறைவதற்குள் 15 விழுக்காடும் குறைத்தே கணக்கிடப்படுகிறது என்பதால், முதல் இரண்டாண்டுகளுக்கு விலைப்பட்டியல் தொகையை ஈடுசெய்யும் கூடுதல் பிரிவையும் சேர்ப்பது தகும். திருட்டுக்கு ஈடு கேட்கும்போது முதல் தகவல் அறிக்கையோடு அசல் சாவிகள் இரண்டையும் நிறுவனங்கள் கேட்பது வழக்கம். எனவே இரண்டாவது சாவியை எங்கே வைத்தோம் என்பதை வண்டி எடுத்த அன்றே குறித்து வைக்க வேண்டும்.