எட்டு மாரி கண்ட நான்கு லாச்சிகள்

முதல் மூன்று மாரியிலும், கார்த்திகை மழை பிடித்த கையோடு, என் மனைவி அலுமாரியின் காலில் தன் காலை முட்டுக்கொடுத்து மூன்றாவது லாச்சியை, அதாவது இழுப்பறையை, இரண்டு கையாலும் இழுப்பார். முதலாவதும் இரண்டாவதும் ஒரு விரலுக்கு வந்தன. நான்காவது வந்தது, ஆனால் சேலைகளின் கனத்தில் வயிறு தொங்கிக் கீழே உரசியது. நான்கும் ஒரே அலுமாரியில், ஒரே சுவரோரம், திருகோணமலை உவர்மலையின் ஒரே கடற்காற்றில் இருப்பவை. நான்குக்கும் மூலையில் புறாவால் பொருத்துத்தான், புறாவின் வால் போல் விரிந்த பற்களை வெட்டிக் கோர்க்கும் பொருத்து. வேறுபாடு அடிப்பலகையில். 2017 ஆவணியில் வீட்டுக்கு வந்தவை. எட்டு மாரி பார்த்துவிட்டேன், இனி எழுதலாம்.

ஒரே அலுமாரிக்கு மூன்று விதமான அடி வந்த கதை சிறியது. ஓடாவியார் ஒருவர் எங்கள் விறாந்தையிலேயே வைத்து வேலை செய்தார். இரண்டு லாச்சி முடிந்ததும் அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. மற்ற இரண்டையும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். வால் வெட்டியதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஓடாவியார் செய்ததை முதலில் சொல்கிறேன். பக்கப்பலகை அரை அங்குலக் கனம். அதன் உள்முகத்தில், கீழ்விளிம்பிலிருந்து அரை அங்குலம் மேலே, இரண்டு நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்) அகலமும் இரண்டு நூல் ஆழமுமாகத் தவாளிப்பு, அதாவது அடிப்பலகையின் விளிம்பு நுழையும் நீளப் பள்ளம், வெட்டினார். பலகைக் கனத்தில் சரி பாதி, அதற்கு மேல் போகவில்லை. முன்பலகையிலும் அதே மட்டத்தில் ஒன்று. அந்தத் தவாளிப்பு கடைசி வாலின் நடுவே ஓடும்படி பார்த்துத்தான் வால்களுக்கே கோடு கீறினார். அது தப்பி வாலுக்குப் பக்கத்துக் கட்டையில் ஓடினால், லாச்சியை இழுத்ததும் முன்பலகையின் ஓரத்தில் எலிப்பொந்து போல ஒரு துளை தெரியும். பின்பலகைக்குத் தவாளிப்பே கிடையாது. அதன் கீழ்விளிம்பு தவாளிப்பின் மேல்மட்டத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே நான்கு பலகையையும் பொருத்திப் பசை காய்ந்த பிறகு அடிப்பலகையைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றலாம், வேண்டியபோது அதே வழியால் இழுத்து எடுக்கலாம்.

அடிப்பலகை, பழைய தேக்கங்கதவொன்றை அறுத்து எடுத்தது. மூன்று நூல் கனம். மூன்று விளிம்புகளைக் கீழ்ப்புறமாகச் சீவுளியால் சரித்து மெலியவைத்தார். ஒரு துண்டுக் கட்டையில் அதே அளவுத் தவாளிப்பை வெட்டி மடியில் வைத்திருந்தார். நான்கு சீவல் எடுப்பார், கட்டையை விளிம்பில் கொளுவி முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்ப்பார், இறுகிய இடத்தில் விரலால் தட்டுவார், மறுபடி இரண்டு சீவல். ஏற்றும்போது கொட்டாப்புளி தேவைப்படக் கூடாது, ஏற்றியபின் கடகடக்கவும் கூடாது. மூலைமட்டம் வைத்து அறுத்த பலகை என்பதால், சற்றுக் கோணலாக நின்ற லாச்சியையும் அதுவே நேராக்கிவிட்டது. மூலைக்கு மூலை நாடா பிடித்தேன், இரண்டும் ஒரே அளவு.

நான் பசைப் போத்தலை நீட்டினேன். "வேண்டாம் தம்பி. பூட்ட வேண்டியதையெல்லாம் வால் பூட்டியாயிற்று. இது சும்மா கிடக்கட்டும்" என்றார். கடைசியில் முன்பலகைத் தவாளிப்பின் நடுவில் மட்டும் ஒரு சொட்டு விட்டார். அசைவதெல்லாம் பின்னால் அசையட்டும் என்பது கணக்கு. பின்பலகையோரம் கீழிருந்து ஒரே ஒரு பித்தளைத் திருகாணி. அதற்கும் வட்டத் துளை இல்லை, விளிம்பிலிருந்து உள்நோக்கி வெட்டிய நீள வெட்டு. வறண்ட கச்சான் காற்று வீசும் காலம் என்பதால் திருகாணியை வெட்டின் வெளிமுனைப் பக்கம் முடுக்கினார். மாரியில் செய்தால் உள்முனைப் பக்கம் முடுக்குவாராம். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை.

விளங்கவைத்தது ஒரு பென்சில் கோடு. அந்த மார்கழியில் முதலாவது லாச்சியை வெறுமையாக்கி, பின்பலகை அடிப்பலகையைத் தொடும் இடத்தில் உட்புறமாக ஒரு கோடு இழுத்தேன். அடுத்த ஆடியில் பார்த்தால் கோடு பின்பலகையை விட்டு மூன்று மில்லிமீற்றர் முன்னால் வந்து நிற்கிறது. அடுத்த மார்கழியில் திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது. பதினாறு அங்குல ஆழமுள்ள லாச்சிக்கு இவ்வளவு அசைவு. மரம் நீளவாக்கில் அநேகமாக அசைவதில்லை, நாருக்குக் குறுக்கேதான் ஈரத்தில் விரிந்து வறட்சியில் சுருங்கும். ஓடாவியார் நார் இடமிருந்து வலமாக, முன்பலகைக்குச் சமாந்தரமாக ஓடும்படி வைத்திருந்தார். அதனால் அசைவு முழுவதும் முன்பின்னாகப் போய், பின்பலகைக்கு அடியில் யாருக்கும் தொந்தரவில்லாமல் முடிந்துவிடுகிறது. திருகோணமலையில் இது சிறிய விடயமல்ல. தென்மேல் பருவக்காற்று மேற்கிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு எங்களிடம் வெறும் கச்சானாக வந்து சேரும். வைகாசி முதல் அது காய்ச்சி எடுத்த பலகையை, ஐப்பசிக்குப் பின் வாடை மழை ஊறவைக்கும்.

மூன்றாவது லாச்சியில் பட்டறைக்காரர்கள் செய்தது இரண்டு தவறு, ஒன்றை ஒன்று தூக்கிப் பிடிக்கும் தவறுகள். நாரை முன்பின்னாக வைத்தார்கள். சுற்றிவரப் பசை விட்டு, பின்பலகையில் ஆணியும் அடித்தார்கள். வாங்கிய நாளில் அதுதான் நால்வரில் உறுதியானது போல் இருந்தது, தட்டினால் பெட்டி போல் சத்தம். மாரி வந்ததும் பலகை இடம்வலமாக விரிந்து பக்கப்பலகைகளை வெளியே தள்ளியது. புறாவால் எவ்வளவு இழுவையும் தாங்கும் என்று நாம் நம்புகிறோம். முன்பலகையைப் பிடித்து இழுக்கும் திசையில் தாங்கும், உண்மை. ஆனால் பக்கப்பலகையை வெளிப்புறமாகத் தள்ளினால், அது வாலைக் கொளுவிய அதே வழிதான். அந்தத் திசையில் பிடித்துக்கொள்வது பசை மட்டும். வால்களின் ஓரத்தில் தலைமயிர் நுழையும் இடைவெளி விழுந்தது, லாச்சி அலுமாரிக்குள் இறுகியது. அடுத்த கச்சானில் பலகை சுருங்கப் பார்த்தது, பசையும் ஆணியும் விடவில்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசைக்குக் கேட்கும்படி "டக்" என்று ஒரு சத்தம். முன்னிருந்து பின்வரை நாரோடு நேர்கோடாக வெடித்திருந்தது. தையல் ஊசிகள் அந்த வெடிப்பால் கீழே விழுந்து நான்காவது லாச்சியில் சேர்ந்தன.

நான்காவது ஒட்டுப்பலகை. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய மரத்தாள்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்படுவதால் விரிவும் சுருக்கமும் கணக்கில் வராது, சுற்றிவரப் பசை விட்டாலும் பிழையில்லை. ஆனால் எனக்கு இரண்டு நூல் என்று விற்ற பலகை இரண்டு நூல் இருக்கவில்லை. தவாளிப்பைப் பலகைக்கேற்ப வெட்டாமல் சொன்ன அளவுக்கு வெட்டியதால் அது ஆடியது. முப்பத்திரண்டு அங்குல அகலத்துக்கு நடுவே ஒரு தாங்குசட்டமும் வைக்கவில்லை, அதனால்தான் அந்த வயிறு. 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் எங்கள் கரையைக் கடந்தபோது ஓட்டுக்குள்ளால் ஒழுகிய தண்ணீர் அலுமாரியின் பின்சுவரால் இறங்கியது. தேக்கு நனைந்து காய்ந்தது. ஒட்டுப்பலகையின் பின்விளிம்பு பழைய புத்தகம் போல் தாள் தாளாக விரிந்தது.

2021 மாசியில் மூன்றாவதை நானே அவிழ்த்தேன். ஓடாவியார் கறுப்புக் கண்ணாடியோடு கதிரையில் இருந்து ஏசிக்கொண்டிருந்தார். பசை பிடித்த அடிப்பலகையை நடுவே அறுத்து, துண்டு துண்டாகத் தவாளிப்பிலிருந்து கிளப்பினேன். அவசரத்தில் ஒரு பக்கத்துத் தவாளிப்பின் கீழுதடு உடைந்துவிட்டது. பக்கப்பலகையை மாற்றினால் வாலையும் புதிதாக வெட்ட வேண்டும். அவர் சொன்னபடி, தவாளிப்பு வெட்டிய ஒல்லியான சட்டங்களை இரண்டு பக்கப்பலகையின் உட்புறத்திலும் ஒட்டினேன். சட்டத்தின் நாரும் பக்கப்பலகையின் நாரும் ஒரே திசை என்பதால் அங்கே பசைக்குப் பயமில்லை. உள்ளகலம் சற்றுக் குறைந்தது, ஆனால் லாச்சி ஓடும் அடிவிளிம்பு தடித்ததால் தேய்மானமும் குறைந்தது. புதிய தேக்குப் பலகைகளை இணைத்து, நாரைத் திருப்பி, விளிம்பில் மெழுகுதிரி தேய்த்து ஏற்றினேன். மாசியில் மரம் இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கும், ஆகவே திருகாணி வெட்டின் நடுவில்.

அதன்பின் நான்கு மாரி போய்விட்டது. வால்களில் விழுந்த இடைவெளி விழுந்ததுதான், மரத்தூளும் பசையும் அடைத்திருக்கிறேன், கிட்டப் போனால் தெரியும். லாச்சி ஒரு விரலுக்கு இல்லாவிட்டாலும் இரண்டு விரலுக்கு வருகிறது. நான்காவதற்கு இன்னும் அந்தத் தாள் விரிந்த ஒட்டுப்பலகைதான், அடியில் ஒரு சட்டத்தை முட்டுக்கொடுத்திருக்கிறேன். வேறொரு பழைய தேக்கங்கதவு அகப்படும்வரை சேலைகளை மூன்றாவதற்கு ஏற்றியாயிற்று, என் சட்டைகள் கீழே இறங்கிவிட்டன.