'டெலிவரி ஆனது' என்று காட்டிய பார்சல் என் வீட்டுக்கு வரவே இல்லை: பழைய பொருள் வாங்குவோர், விற்போர் கவனத்துக்கு

இணையத்தில் செகண்ட் ஹாண்ட் பொருள் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். அசல் டிராக்கிங் எண், கூரியர் தளத்திலேயே 'டெலிவரி ஆனது' என்ற பதிவு, இரண்டையும் கையில் வைத்துக்கொண்டே ஒரு விற்பனையாளர் என்னை ஏமாற்றினார். பெரிய அலைச்சலுக்குப் பிறகு பணம் திரும்பி வந்தது. அதே ஆளுக்கு நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் பணம் போட்ட இன்னொருவரை அப்புறம் தெரிந்துகொண்டேன். அவருக்கு இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் இருவருக்கும் உள்ள ஒரே வித்தியாசம், பணம் போன வழி.

நான் தேடியது ஒரு மேக்ரோ லென்ஸ். பூச்சி, பூ மாதிரியான சின்னப் பொருள்களை மிக நெருக்கத்தில் படம் எடுக்க உதவுவது. நன்றாகப் பராமரித்த பழைய லென்ஸ் பல வருடம் உழைக்கும், அதனால் இதற்கு எப்போதும் கிராக்கி. விற்றவரின் கணக்கு பல வருடப் பழையது, நல்ல மதிப்பீடுகள் இருந்தன. அன்றைய தேதியைத் தாளில் எழுதி லென்ஸ் பக்கத்தில் வைத்து ஒரு படம் கேட்டேன், அனுப்பினார். உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க டார்ச் அடித்து எடுத்த படம் கேட்டேன், அதுவும் வந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

பணம் என்று வந்தபோதுதான் முதல் நெருடல். பேபால் என்ற இணையவழிப் பணம் அனுப்பும் சேவையில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' பிரிவில் அனுப்பினால் கட்டணம் பிடிக்க மாட்டார்கள், அந்தத் தொகையை விலையில் குறைத்துக்கொள்கிறேன் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிரிவு உறவுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் பணம் கொடுப்பதற்காக வைத்திருப்பது. அதில் அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. பொருள் வரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால், நீங்கள் எதையும் வாங்கியதாகவே அங்கே பதிவு இருக்காது. 'பொருள், சேவை' பிரிவில் அனுப்பினால்தான் புகார் கொடுக்கும் உரிமையே வரும். கட்டணத்தை நானே ஏற்கிறேன், பொருளுக்கான பிரிவில்தான் அனுப்புவேன் என்று சொன்னேன். "சரி, உங்கள் விருப்பம்" என்று உடனே ஒத்துக்கொண்டார். அப்படி ஒத்துக்கொண்டதே நம்பிக்கையைக் கூட்டியது.

டிராக்கிங் எண் சொன்னபடி வந்தது. பார்சல் கிளம்பியது, என் ஊர் வரை வந்தது, ஒரு நாள் மதியம் 'டெலிவரி ஆனது' என்று காட்டியது. அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தேன், யாரும் வரவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தேன், யாரும் வாங்கி வைக்கவில்லை. விற்றவரிடம் கேட்டால், "அங்கே டெலிவரி ஆனதாகக் காட்டுகிறதே, நன்றாக விசாரியுங்கள்" என்ற ஒரே பதில்.

டிராக்கிங் பக்கத்தை முழுசாக விரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. எடை என்ற இடத்தில் 0.05 கிலோ என்று இருந்தது. அதாவது 50 கிராம். அந்த லென்ஸ் மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல். பெட்டி, பஞ்சு, அட்டை எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். 50 கிராமில் ஒரு கவரும் இரண்டு மூன்று தாளும்தான் போகும்.

இந்த மோசடி நடக்கும் விதம் இதுதான். உங்கள் ஊரிலேயே, பெரும்பாலும் உங்கள் அஞ்சல் குறியீட்டிலேயே, வேறு ஏதோ ஒரு முகவரிக்கு ஒரு வெற்றுக் கவரை அனுப்புவார்கள். அங்கே இருப்பவர் ஏதோ விளம்பரத் தாள் என்று வாங்கி ஓரமாகப் போட்டுவிடுவார். பொதுவில் தெரியும் டிராக்கிங் பக்கத்தில் பெரும்பாலும் ஊர் பெயர் வரைக்கும்தான் இருக்கும், கதவு எண் இருக்காது. புகாரைப் பார்க்கிறவருக்கோ இயந்திரத்துக்கோ தெரிவதெல்லாம், சரியான ஊர், டெலிவரி ஆனது, அவ்வளவுதான். விற்றவர் பக்கம் தீர்ப்பு.

எனக்கும் அதேதான் நடந்தது. பேபாலிடம் 'பொருள் வரவில்லை' என்று புகார் கொடுத்தேன், எடை தெரியும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்தேன். அதை யாரும் திறந்து பார்த்த மாதிரியே தெரியவில்லை. டெலிவரிக்கு ஆதாரம் உள்ளது என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். இத்தனை பேர் பணம் போகிற இடத்தில், ஒரு எண்ணைப் பார்த்தால் விளங்கிவிடும் விஷயத்தைப் பார்க்க ஆளில்லை என்பது இன்றும் எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் கூரியர் நிறுவனத்துக்கு எழுதினேன். பார்சல் யார் வீட்டுக்குப் போனது என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள், அது இன்னொருவரின் தனிப்பட்ட விவரம். அதனால் கேள்வியை மாற்றினேன்: 'இந்தப் பார்சலில் எழுதியிருந்த முகவரி என்னுடையதா, இல்லையா? எடை எவ்வளவு? இதை மட்டும் எழுத்தில் கொடுங்கள்.' இதற்குப் பதில் வந்தது. அந்த எண்ணில் போனது என் முகவரிக்கான பார்சல் இல்லை என்று அவர்களுடைய கடிதத்தாளிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்து மேல்முறையீடு செய்த பிறகுதான் பணம் வந்தது.

நடுவில் விற்றவர் ஒரு வேலை செய்தார். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். "புகார் திறந்திருக்கும்வரை என்னால் பணத்தைத் திருப்பி அனுப்ப முடியாது, மூடிவிடுங்கள், உடனே அனுப்புகிறேன்" என்று எழுதினார். பொய். புகார் திறந்திருக்கும்போதே விற்றவரால் பணத்தைத் திருப்பித் தர முடியும். மூடிய பேபால் புகாரை மறுபடி திறக்க முடியாது. இன்னொரு வகையினர் மழை, விடுமுறை, வீட்டில் உடல்நலமில்லை என்று கெடு முடியும்வரை இழுத்தடிப்பார்கள். பேபாலில் பணம் கட்டியதிலிருந்து 180 நாளுக்குள் புகார் திறக்க வேண்டும். திறந்த பிறகு 20 நாளுக்குள் அதை, பேபாலே தீர்ப்புச் சொல்லும் முறையீடாக உயர்த்தாவிட்டால் அது தானாகவே மூடிக்கொள்ளும். இந்த 20 நாள் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. புகாரின் வகையையும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். எதுவுமே வராதபோது 'சொன்னபடி இல்லை' என்று கொடுத்துவிட்டால், இல்லாத பொருளைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள்.

கணக்கின் பழைய மதிப்பீடுகளைப் பிறகு நிதானமாகப் படித்தேன். எல்லாமே குழந்தைத் துணிகளுக்கும் பொம்மைகளுக்கும் வந்தவை. நடுவில் நீண்ட இடைவெளி, அப்புறம் திடீரென்று கேமராச் சாமான்கள். யாரோ ஒரு நல்ல மனிதரின் கணக்கைத் திருடிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆளை எடைபோடுவதில் நாம் எவ்வளவு மெனக்கெட்டாலும், அந்த ஆள் வேறு ஆளாக இருந்துவிடலாம். பணம் போகும் வழியை எடைபோடுவது அதைவிட உறுதியானது. வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஏதாவது தவறு நடந்தால், இந்தப் பணத்தைத் திரும்பப் பெற ஒரு வழி இருக்கிறதா?

வங்கிப் பரிமாற்றத்தில் பெரும்பாலும் இல்லை. பெரும்பாலும் சில நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். போன பிறகு திரும்பக் கேட்டால், எதிர்க்கணக்கில் பணம் மிச்சமிருக்க வேண்டும், அநேகமாக அவர் சம்மதமும் வேண்டும். மோசடிக்காரர் சம்மதிப்பாரா? நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம் என்று வங்கி கைவிரிப்பதும் வழக்கம். மேலே சொன்ன அந்த இன்னொருவருக்கு வங்கி சொன்னதும் இதையேதான். இதில் சில நாடுகள் இப்போதுதான் விழித்திருக்கின்றன. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு இப்படிப் பணம் அனுப்பியவருக்கு வங்கிகள் 85,000 பவுண்டு வரை ஈடு கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தது, விலக்குகளும் உண்டு. யூரோ புழங்கும் நாடுகளில் 2025 அக்டோபர் முதல், கணக்கு எண்ணும் பெயரும் பொருந்துகின்றனவா என்று அனுப்பும் முன்பே வங்கி சரிபார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் வங்கி பெயரைக் காட்டுகிறது என்றால் அதைப் படிக்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். பேசியவர் ஒரு பெயர், கணக்கில் வேறொரு பெயர் என்றால் 'அண்ணன் கணக்கு' என்ற விளக்கமெல்லாம் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

கார்டில் கட்டினால் சார்ஜ்பேக் என்ற வழி உண்டு. கார்டு கொடுத்த வங்கி, பணம் வாங்கியவரின் வங்கியிடமிருந்து தொகையைத் திரும்பக் கேட்கும் முறை இது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் வரை அவகாசம். தனிநபர் விற்பனையாளர் கார்டு வாங்க மாட்டார்தான். ஆனால் விற்பனைத் தளத்தின் கட்டண முறை வழியாகவோ பேபால் வழியாகவோ கார்டைப் பயன்படுத்தலாம். அங்கே புகார் தோற்றாலும் கார்டு வங்கியிடம் போக இன்னொரு வாய்ப்பு இருக்கும். கிஃப்ட் கார்டு எண், கிரிப்டோ, பணம் அனுப்பும் கடைகள் வழியாக ரொக்கம், இவற்றில் எதையாவது கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இவற்றில் போனது போனதுதான்.

எஸ்க்ரோ நல்ல முறை. பணத்தை நடுவில் ஒருவர் வைத்திருந்து, பொருள் கைக்கு வந்து நீங்கள் சரி என்ற பிறகு விற்றவருக்கு விடுவார். பல விற்பனைத் தளங்களின் 'பாதுகாப்பான கட்டணம்' இதே மாதிரி வேலை செய்கிறது. ஆனால் எஸ்க்ரோ பெயரில் போலித் தளங்கள் நிறைய. விற்பவர் அனுப்பும் இணைப்பு வழியாக ஒருபோதும் உள்ளே போகாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், அல்லது செயலிக்குள் இருக்கும் பொத்தானை மட்டும் பயன்படுத்துங்கள். "தளத்துக்கு வெளியே, வாட்ஸப்பில் பேசலாம்" என்பது பெரும்பாலும் இந்த இணைப்பை அனுப்பத்தான்.

விற்பவர்களுக்கு இதே விஷயம் தலைகீழாக. கையில் வந்ததாகத் தெரியும் பணம் பிறகு பறிபோகுமா என்று பார்க்க வேண்டும். என் தங்கை பழைய டேப்லெட் ஒன்றை விற்கப் போட்டபோது ஒரு மின்னஞ்சல் வந்தது: 'உங்களுக்குப் பணம் வந்துவிட்டது, பார்சல் அனுப்பி டிராக்கிங் எண்ணைப் பதிவு செய்ததும் விடுவிக்கப்படும்.' சின்னம், நிறம், எழுத்து எல்லாம் அசல் மாதிரியே. அனுப்பியவர் பெயரைத் தொட்டுப் பார்த்தால் அதன் பின்னால் இருந்தது யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய ஓர் இலவச மின்னஞ்சல் முகவரி. செயலியைத் திறந்து பார்த்தாள், ஒன்றுமே வரவில்லை. பார்சலை அனுப்பவில்லை. மின்னஞ்சல், குறுஞ்செய்தி, எதிரில் நிற்பவர் நீட்டும் ஸ்கிரீன்ஷாட், எதுவும் பணம் வந்ததற்கு ஆதாரம் ஆகாது. உங்கள் கணக்கை நீங்கள் திறந்து பார்ப்பது மட்டுமே ஆதாரம்.

கூடுதலாகப் பணம் அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டால் அனுப்பாதீர்கள். காசோலை என்றால் கணக்கில் தொகை ஏறியதாகத் தெரியும், அது போலி என்று தெரிய வாரக்கணக்கில்கூட ஆகலாம். அதற்குள் நீங்கள் அனுப்பிய 'மிச்சம்' உங்கள் சொந்தப் பணம். பணம் தருவதற்காக என்று க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்து ரகசிய எண் (PIN) போடச் சொன்னாலும் இதே கதைதான். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணோ ஓடிபியோ தேவையே இல்லை. கேட்கிறார்கள் என்றால் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப் போகிறார்கள்.

பேபாலில் பணம் வாங்கிக்கொண்டு பொருளை நேரில் கொடுப்பதும் விற்பவருக்கு ஆபத்து. வாங்கிப் போனவர் 'பொருள் வரவில்லை' என்று புகார் கொடுத்தால், காட்ட உங்களிடம் டிராக்கிங் எண் இருக்காது. நேரில் கொடுப்பதானால் ரொக்கம், அல்லது அவர் நிற்கும்போதே உங்கள் கணக்கில் வந்து சேரும் வங்கிப் பரிமாற்றம். பொருளைப் பார்த்த பிறகே கட்டுவதால் வாங்குபவருக்கும் இது நல்லது. பெரிய தொகை என்றால் வங்கிக்குள்ளேயே சந்திக்கலாம். அஞ்சலில் அனுப்பினால், பணம் கட்டிய பதிவில் இருக்கும் முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். "வேலை செய்யும் இடத்துக்கு அனுப்புங்களேன்" என்று பிறகு கேட்பதற்கு இணங்கினால் விற்பவர் பாதுகாப்பு போய்விடும். பொதி கட்டுவதையும் பொருளின் வரிசை எண்ணையும் ஒரே வீடியோவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும்போதே உங்கள் பணம் போயிருந்தால், முதலில் வங்கியின் மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள். எதிர்க்கணக்கை முடக்க முடிவது ஆரம்ப மணிநேரங்களில்தான். அடுத்து, விளம்பரம், உரையாடல், விற்றவர் பக்கம் எல்லாவற்றையும் அவர் அழிப்பதற்குள் படமெடுத்துச் சேமியுங்கள். காவல்துறையில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள், வங்கி அதைக் கேட்கும். 'பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று யாராவது உங்களைத் தேடி வருவார்கள். அவர்களும் அதே கூட்டம்தான், ஒரு காசு கொடுக்காதீர்கள்.